கூரை உள்ள புத்தரும் கூரை இழந்த புத்தரும்

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் இரண்டு பெரிய புத்தர்களில் ஒருவரைப் பார்த்தால் போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இரண்டுமே வெண்கலம், இரண்டுமே அமர்ந்த கோலம், கையில் இருப்பதோ குறைந்த நாட்கள். டோக்கியோவில் தங்குகிறவர் காமகுராவுக்குப் போகிறார். கியோட்டோவில் தங்குகிறவர் நாராவுக்குப் போகிறார். உயரம்தான் கேள்வி என்றால் விடை சுலபம். நாராவின் தோதாய்ஜி கோயிலில் இருப்பவர் சுமார் 15 மீட்டர். காமகுராவின் கோதோகுயின் கோயிலில் இருப்பவர் பீடம் நீங்கலாக 11.3 மீட்டர். அடுத்தடுத்து இரண்டையும் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாக உறைப்பதில்லை. உறைப்பது கூரை. ஒருவர் பிரம்மாண்டமான மரமண்டபத்தின் அரையிருட்டில் இருக்கிறார், மற்றவர் வெயிலிலும் மழையிலும் இருக்கிறார். தொடக்கத்தில் இருவருக்குமே கூரை இருந்தது, இருவருமே அதை இழந்தார்கள். இழந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் இன்று நம் கண்முன் இருக்கும் உருவங்களைத் தீர்மானித்திருக்கிறது.

நாரா புத்தர் ஓர் அரசின் அச்சத்திலிருந்து பிறந்தவர். 735 முதல் 737 வரை பெரியம்மை ஜப்பானைச் சூறையாடியது. அரசவையை ஆட்டிவைத்த புஜிவாரா சகோதரர்கள் நால்வரும் அதில் மாண்டார்கள். 740இல் கியூஷூ தீவில் கலகம் மூண்டது. பேரரசர் ஷோமு தலைநகரை மாற்றிப் பார்த்தார், மாகாணம்தோறும் கோயில் கட்ட ஆணையிட்டார், கடைசியில் 743இல் வைரோசன புத்தருக்குப் பெருஞ்சிலை வார்க்கும் ஆணையைப் பிறப்பித்தார். நாட்டின் செம்பு முழுதும் செலவானாலும் சரி என்பது அதன் தொனி. ஒரு சுள்ளியோ ஒரு பிடி மண்ணோ கொண்டுவந்து உதவ நினைப்பவரையும் தடுக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஊர் ஊராகப் போய் மக்களிடையே பிரசாரம் செய்ததற்காக முன்பு அரசே கண்டித்திருந்த கியோகி என்ற துறவியை, இப்போது நிதி திரட்ட அதே அரசு அழைத்துக்கொண்டது. அரசுகளுக்குப் பணம் தேவைப்படும்போது கொள்கை இளகும்.

வார்ப்பு 747இல் தொடங்கியது. களிமண்ணால் உருவம் செய்து, அதைச் சுற்றி வெளி அச்சு அமைத்து, கீழிருந்து மேலாக எட்டு அடுக்குகளில் உலோகத்தை ஊற்றிக்கொண்டே போனார்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் சுற்றிலும் மண்ணைக் குவித்து உயர்த்த வேண்டும். முடிவில் சிலை ஒரு மண்குன்றுக்குள் புதைந்திருக்கும். 749இல் வார்ப்பு முடிந்தது. அதே ஆண்டு வடக்கே முத்சு மாகாணத்தில் தங்கம் கிடைத்ததாகச் செய்தி வந்தபோது, பூச்சுக்குப் பொன் இல்லையே என்று தவித்த அரசவை அதைப் புத்தரின் அருளாகவே எடுத்துக்கொண்டது.

752இல் நடந்த கண் திறப்பு நமக்குப் பழக்கமான சடங்கு. நம் ஊரிலும் ஸ்தபதி கண் திறந்த பிறகுதான் விக்கிரகத்துக்கு உயிர். நாராவில் அந்தத் தூரிகையைப் பிடித்தவர் இந்தியாவிலிருந்து 736இல் அங்கே போய்ச் சேர்ந்திருந்த போதிசேனர் என்ற துறவி. தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, மறுமுனைகளை ஷோமுவும் அரசியும் கூடியிருந்தோரும் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் சேர்ந்து கண்ணெழுதியதாகக் கணக்கு. பொன் பூசும் வேலை அப்போது முடிந்திருக்கவே இல்லை. தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

காமகுராவின் பிறப்புக் கதைக்கு வந்தால், நாராவைப் பற்றி இவ்வளவு எழுதிய பேனா தடுமாறுகிறது. ஜோகோ என்ற துறவி மக்களிடம் காசு வாங்கி முதலில் மரத்தில் ஒரு பெரிய அமிதாபரைச் செய்வித்தார்; அது 1243இல் முடிந்தது. 1252இல் வெண்கலச் சிலை தொடங்கியதாக அக்கால வரலாற்று நூலான அசுமா ககாமியில் ஒரு சிறு குறிப்பு உண்டு. சிற்பி யார், செலவு யாருடையது, எப்போது முடிந்தது என்று அது சொல்வதில்லை. காமகுரா அன்று சாமுராய் அரசின் தலைமையிடம். இருந்தும் எந்த ஷோகுனும் இதைத் தன் சாதனை என்று பெரிதாக எழுதிவைக்கவில்லை. உலோகத்தை ஆராய்ந்தவர்கள் அதில் ஈயம் அதிகம் என்றும், அதன் கலவை அக்காலத்தில் இறக்குமதியான சீனச் செப்புக்காசுகளை ஒத்திருக்கிறது என்றும் கண்டார்கள். காசுகளை உருக்கி வார்த்திருக்கலாம் என்ற கருத்து அதிலிருந்துதான் வந்தது. நாட்டின் சுரங்கச் செம்பை வழித்தெடுத்த நாராவோடு ஒப்பிட்டால் இது சில்லறை சேர்த்துச் செய்த புத்தர்.

இனி கூரைக்கு வருவோம். நாராவில் 1180ஆம் ஆண்டுப் போரில் தைரா படை வைத்த தீயில் மண்டபம் எரிந்தது, சிலை உருகிச் சிதைந்தது. சோகென் என்ற துறவி, அறுபதைத் தாண்டிய வயதில், ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார். சீனத்திலிருந்து வந்த வார்ப்பாசிரியரை வைத்துச் சிலையைச் சீராக்கினார். 1185இல் முன்னாள் பேரரசர் கோ-ஷிராகாவா, போதிசேனர் பிடித்த அதே தூரிகையைக் கருவூலத்திலிருந்து வரவழைத்துத் தன் கையால் கண் திறந்தார். 1195இல் மண்டபம் முடிந்தபோது விழாவுக்கு வந்தவர் மினாமோதோ யோரிதோமோ, சாமுராய் அரசை நிறுவியவர். அவருடைய வருகையில் பக்தியும் அரசியலும் என்ன விகிதத்தில் இருந்தன என்பது வாசகரின் ஊகத்துக்கு.

1567இல் மறுபடியும் போர், மறுபடியும் தீ. இந்த முறை தலை போயிற்று. தாமிரத் தகட்டால் தற்காலிகமாக ஒரு தலை பொருத்தினார்கள். போட்ட சிறு கூரையையும் 1610இல் புயல் கொண்டுபோனது. அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகள் நாரா புத்தரும் வெட்டவெளியில்தான் உட்கார்ந்திருந்தார். இந்தத் தகவலைத் தெரிந்துகொண்டு காமகுராவுக்குப் போகிறவருக்கு அந்தத் திறந்த வானம் வேறு மாதிரி தெரியும்: இது நாராவுக்கும் நேர்ந்திருக்கக்கூடிய கதி. நேராமல் தடுத்தவர் கோகெய் என்ற இன்னொரு வசூல் துறவி. 1692இல் சிலை சீரானது. மண்டபத்துக்கு ஷோகுன் சுனாயோஷியின் ஆதரவு கிடைத்து, 1709இல் அது முடிந்தது. பழைய மண்டபத்தின் அகலம் சுமார் 86 மீட்டர். புதியது 57 மீட்டர்தான். பணமும் போதவில்லை, மரமும் கிடைக்கவில்லை. கூரையைத் தாங்கும் இரண்டு பெரிய உத்தரங்களைத் தெற்கே கியூஷூவின் கிரிஷிமா மலையிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. தூண்களுக்குத் தகுந்த பருமனில் மரமே இல்லாததால், துண்டுகளைச் சேர்த்து உலோகப் பட்டை போட்டு இறுக்கினார்கள். பட்டைகள் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. இப்படிச் சுருக்கிக் கட்டியதுதான் நெடுங்காலம் உலகின் மிகப் பெரிய மரக்கட்டடம் என்ற பெயரைச் சுமந்தது.

காமகுராவின் கூரையைத் தீ தொடவில்லை. 1334இலும் 1369இலும் புயல் தாக்கியது. பிறகு 1498இல் கடல் பொங்கி மண்டபத்தை அடித்துச் சென்றது என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது, நம்பத்தான் முடியவில்லை. 1486இலேயே அங்கே போன ஜென் துறவி ஒருவர், மண்டபம் இல்லாமல் சிலை வெளியில் இருப்பதாகக் குறித்துவைத்திருக்கிறார். கடைசி அடி எதுவாயினும் காரணம் அதற்கு முன்பே விழுந்துவிட்டது. 1333இல் காமகுரா அரசு வீழ்ந்தது. அதிகாரம் கியோட்டோவுக்குப் போனது. ஊர் மெல்ல மெல்ல ஒடுங்கியது. நாராவைத் திரும்பக் கட்டியவர்கள் ஒவ்வொருவருக்கும் அங்கே தன் பெயரைப் பதிப்பதில் ஆதாயம் இருந்தது. ஒரு பேரரசரின் ஆணையோடு பிறந்த சிலையைக் காப்பாற்றுவது ஆளுகிறவனுக்குப் பெருமை. யாருடையது என்றே தெரியாத சிலைக்குக் கூரை போட எந்த ஆட்சியாளன் வருவான்?

இதன் விளைவு விசித்திரமானது. நாரா சிலை வயதில் ஐந்நூறு ஆண்டு மூத்தது. ஆனால் இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் அதன் முகம் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்தது. உடலிலும் பல காலங்களின் ஒட்டு. எட்டாம் நூற்றாண்டின் கையை நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் பீடத்துத் தாமரை இதழ்களைத்தான் பார்க்க வேண்டும்: நுண்ணிய கோடுகளில் செதுக்கிய உலகங்கள், புத்தர்கள், போதிசத்துவர்கள். காமகுரா சிலையோ 13ஆம் நூற்றாண்டில் வார்த்தபடியே, தலையும் உடலுமாக நிற்கிறது. எது பழையது என்ற கேள்விக்கு, பெயரில் நாரா, மேனியில் காமகுரா என்றுதான் சொல்ல முடியும்.

சிற்பமாக மட்டும் பார்த்தால் என் ஓட்டு காமகுராவுக்கு. நாராவின் முகம் சற்று உப்பலானது, இறுக்கமானது. வலக்கை அபயம், இடக்கை வரதம் என்று அரசவைக்கு உரிய கம்பீரம். காமகுராவின் அமிதாபர் மடியில் இரு கைகளையும் சேர்த்துத் தியான முத்திரையில் இருக்கிறார், முதுகு லேசாகக் கூனியிருக்கிறது. பக்கவாட்டில் நின்றால் தலை உடம்புக்குப் பெரிதாகத் தெரியும். எதிரில் நெருங்கி நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்குத் தலை சிறுத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த கணக்கு அது. கன்னத்தருகே ஒட்டியிருக்கும் பொன் இலையின் மிச்சத்தைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். மற்றபடி மேனியெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. கவிஞர் யோசானோ அகிகோ இவரை அழகன் என்று பாடியபோது சாக்கியமுனி என்று நினைத்துவிட்டார். அமிதாபரை வேறொரு புத்தராகச் சொன்ன அந்தக் கவிதையைக் கோயில்காரர்கள் கல்வெட்டாகவே வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் போய்வரும் அனுபவமாக நாரா வெல்கிறது, பெரிய வித்தியாசத்தில். கின்டெட்சு நாரா ரயில் நிலையத்திலிருந்து இருபது நிமிட நடையில் மான்கள் வந்து சட்டைப்பையை முகரும். கையில் அரிசித்தவிட்டு அப்பளம் இருந்தால் விடாது. அவற்றைக் கடந்தால் தெற்குப் பெருவாயில். அதன் இருபுறமும் உன்கேய், கைகேய் குழுவினர் 1203இல் செய்த எட்டு மீட்டருக்கும் மேலான மர துவாரபாலகர்கள். சோகென் எழுப்பிய அந்த வாயில் இரண்டாவது தீக்கும் தப்பியது. பெரிய மண்டபத்தைவிட இதுவே மூத்தது என்பதால் அங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. மண்டபத்துக்குள் சிலையை வலம் வரலாம். பின்புறம் திசைக்காவலர் இருவரின் தலைகள் மட்டும் தனியே வைக்கப்பட்டிருக்கும். உடல் செய்யும் வேலை நின்றுபோனது. பக்கத்தில் ஒரு தூணின் அடியில், புத்தரின் மூக்குத்துவார அளவு என்று சொல்லப்படும் ஓட்டை வழியாகக் குழந்தைகள் தவழ்ந்து வருவார்கள், பின்னாலேயே சில அப்பாக்கள் மாட்டிக்கொள்வார்கள்.

இந்த மண்டபத்தின் முகப்பில் ஒரு ஜன்னல் உண்டு. புத்தாண்டு பிறக்கும் இரவிலும் ஆகஸ்ட் 15 விளக்கு விழாவிலும் மட்டும் அதைத் திறப்பார்கள். அப்போது வெளியே நிற்பவருக்குப் புத்தரின் முகம் தெரியும். காமகுராவில் எந்நாளும் கிடைக்கும் காட்சி நாராவில் திருவிழா ஆகியிருக்கிறது.

காமகுராவுக்கு ஹாசே நிலையத்தில் இறங்கிக் கடைத்தெரு வழியே பத்து நிமிடம் நடந்தால் போதும். வாயிலைத் தாண்டியதும் சிலை. வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. அரைமணி நேரத்தில் கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிக் கிளம்பும் முன் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, சிலையைச் சுற்றிக் கிடக்கும் தட்டையான பெரிய கற்களைக் கவனிப்பது; அவை மறைந்துபோன மண்டபத்துத் தூண்களின் அடிக்கற்கள். அவற்றை மனதில் இணைத்துப் பார்த்தால் கூரையின் அளவு பிடிபடும்.

இன்னொன்று, சிலைக்குள் போவது. சிறு கட்டணம்தான். உள்ளே முதுகிலுள்ள இரண்டு ஜன்னல்கள் வழியே வெளிச்சம் வரும். சுவரெங்கும் கட்டம் கட்டமாக ஓடும் கோடுகள்: ஒரு பகுதியை ஊற்றி, அதன் விளிம்பைக் கவ்வுமாறு அடுத்ததை ஊற்றிய இடங்கள். நாராவில் மண்ணைக் குவித்துக் குவித்துச் செய்த வேலையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். இங்கே அதே முறையின் தையலைக் கண்ணால் பார்க்கலாம். அண்ணாந்தால் கழுத்தின் உட்புறம் கண்ணாடியிழைப் பூச்சு தெரியும். 1923 பெருநிலநடுக்கத்தில் பீடம் சேதமானது. அதன்பின் 1960–61இல் கழுத்தை இப்படி வலுப்படுத்தி, பெரிய நடுக்கம் வந்தால் சிலை சற்று நகர்ந்து தப்பும்படி அடியிலும் ஏற்பாடு செய்தார்கள். கூரை போட யாரும் வரவில்லையே தவிர, கவனிக்க ஆள் இல்லாமல் போகவில்லை.

இரண்டுக்கும் நேரம் இருந்தால் நாராவை முதலில் பாருங்கள். மண்டபம் எப்படி ஒரு சிலையை ஆள்கிறது என்று தெரிந்த பிறகு காமகுராவின் வெறுமை கூடுதலாகப் பேசும். காமகுராவுக்கு மட்டும் மதியமே போய்விடுவது நல்லது. சிலையின் உட்புறத்தை, கோயில் வாசலை அடைப்பதற்கு முன்பாகவே, மாலை 4:30 மணிக்கு அடைத்துவிடுகிறார்கள்.