கச்சாபோன் முதல் லூட் பாக்ஸ் வரை

ஜப்பானில் கடை வாசல்களில் ஒரு சின்ன இயந்திரம் நிற்கும். காசு போட்டுக் கைப்பிடியைத் திருகினால் ஒரு பிளாஸ்டிக் உருண்டை விழும். உள்ளே ஏதோ ஒரு பொம்மை. எந்தப் பொம்மை என்பது திறந்த பிறகுதான் தெரியும். திருகும் சத்தம் 'கச்சா', விழும் சத்தம் 'போன்', அதனால் கச்சாபோன் என்று பெயர். 1965-ல் அமெரிக்காவிலிருந்து வந்தபோது இதற்கு 10 யென் போதும். 1977-ல் பண்டாய் நிறுவனம் 100 யென் இயந்திரத்தோடு இறங்கியது. இன்று பிள்ளைகள் மொபைல் கேமில் பணம் கட்டித் திறக்கும் லூட் பாக்ஸுக்கு இது தாத்தா முறை.

அதே 1977-ல் ஜப்பானின் நியாய வர்த்தக ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கடையில் வாங்கும் பொருளோடு வரும் வெவ்வேறு படங்களில் குறிப்பிட்ட சிலவற்றை முழுதாகச் சேர்த்துக் காட்டினால் பரிசு என்று ஆசை காட்டக் கூடாது என்பது அதில் ஒரு விதி. 'அட்டை சேர்ப்பு' என்று அந்த முறைக்குப் பெயர்.

படம் சேர்ப்பதில் என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பு கணக்கில் இருக்கிறது! மொத்தம் 6 படங்கள், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் படம் முதல் பாக்கெட்டிலேயே கிடைத்துவிடும். ஆனால் ஐந்து சேர்ந்த பிறகு, மீதி இருக்கும் அந்த ஒன்றுக்கு மட்டும் சராசரியாக 6 பாக்கெட் வாங்க வேண்டும். ஆறும் சேர மொத்தம் ஏறக்குறைய 15 பாக்கெட். "அஞ்சு வந்தாச்சு, இன்னும் ஒண்ணுதான்" என்று நினைக்கும் பிள்ளைக்கு இன்னும் ஐந்தில் இரண்டு பங்கு வழி பாக்கி என்பது தெரியாது. கடைசிப் படத்தை வேண்டுமென்றே அரிதாக அச்சிட்டால் கேட்கவே வேண்டாம்.

மிட்டாய்க் கடைக்கு ஏற்ற அந்தப் பழைய விதி 2012-ல் மொபைல் கேம்கள் மேல் பாய்ந்தது. க்ரீ, டிஎன்ஏ போன்ற நிறுவனங்களின் கேம்களில் 'கம்ப்ளீட் கச்சா' அப்போது சக்கைப்போடு போட்டது. பணம் கட்டி எடுக்கும் அட்டைகளில் ஒரு தொகுப்பு முழுதும் சேர்ந்தால் ஓர் அபூர்வ அட்டை கிடைக்கும். இது தடை செய்யப்படலாம் என்ற செய்தி மே மாதம் வந்ததும் அந்த இரு நிறுவனங்களின் பங்கு விலையும் ஒரே நாளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. லாபம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஜூலை 1 முதல் அது சட்ட விரோதம் என்று நுகர்வோர் முகமை அறிவித்தது. சாதாரண கச்சா மட்டும் தப்பித்துக்கொண்டது.

சரி, காசே வாங்காத பாவனைப் பெட்டிகள்? சும்மா திறந்து பார்க்கும் கேம்கள் இப்போது நிறைய உண்டு. இவற்றில் நன்மை இல்லாமல் இல்லை. மேலே சொன்ன 6 பாக்கெட் கணக்கை ஒரு சிறுவன் பைசா செலவில்லாமல் தானே எண்ணிப் பார்க்கலாம். நூறு பெட்டி திறந்து நோட்டில் குறித்தால் பாடப் புத்தகத்து நிகழ்தகவை விட நன்றாகவே புரியும். ஆனால் அதற்கு அந்தக் கேம் உண்மையான வாய்ப்பைக் காட்ட வேண்டும். வலி அங்கேதான். 2005-ல் கனடாவின் கியூபெக் ஆய்வாளர்கள் 117 இணையச் சூதாட்டத் தளங்களின் இலவச 'டெமோ' ஆட்டங்களைச் சோதித்தார்கள். 39 சதவீதத் தளங்களில் போட்டதை விட அதிகம் திரும்பி வந்தது. காசு கட்டி ஆடும்போது அப்படி வராது. அவை பெரியவர்களுக்கான தளங்கள்தான், ஆனால் அதே தந்திரத்தை ஒரு பெட்டி கேமில் வைத்தால் பத்து வயதுப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஆஸ்திரேலியா 2024 செப்டம்பர் 22 முதல் புதிய விதி கொண்டுவந்தது. பணம் கொடுத்து அதிர்ஷ்டப் பெட்டி வாங்கும் கேம்களுக்கு 15 வயதுக்குக் கீழ் உகந்ததல்ல என்ற 'எம்' முத்திரை, அதுவும் அறிவுரை மட்டுமே. காசில்லாமல் சூதாட்டத்தைப் பாவனை செய்யும் கேம்களுக்கோ 18 வயது என்ற கட்டாய வரம்பு. நிஜப் பணம் போகும் இடத்தில் அறிவுரை, பொய்ப் பணம் போகும் இடத்தில் தடை!