காக்கை வன்னியன் என்று ஒரு பட்டம்

நேற்று ஒன்பதாம் தர வகுப்பில் இரண்டு பெடியள் சண்டை. பார்த்தெழுதினதை சேரிடம் சொல்லிக் கொடுத்தவனைப் பார்த்து மற்றவன், "நீ காக்கை வன்னியன்டா" என்றான். பாடத்தை நிறுத்திவிட்டு அந்தப் பெயரைப் பற்றியே கதைத்தோம்.

நல்லூர் அரண்மனைச் சூழ்ச்சி என்று நாங்கள் சொல்லும் கதை பெரும்பாலும் மாதகல் மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையிலிருந்து வந்தது. 1736 அளவில், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்க எழுதியது. அரசு விழுந்தது 1619இல். இடையில் நூறு வருசத்துக்கும் மேல்.

அதன்படி, பரராசசேகரனின் ஆசைநாயகி மகன் சங்கிலி, ஒரு அண்ணனை நஞ்சு வைத்துக் கொன்றான், இன்னொருவனை வெட்டினான். வைத்தியம் தெரிந்த பரநிருபசிங்கன் கண்டிக்கு மருந்து செய்யப் போன நேரம் பார்த்துச் சிம்மாசனம் ஏறினான். பிறகு காக்கை வன்னியன் அவனைப் பறங்கியரிடம் பிடித்துக் கொடுத்தான்.

சிக்கல் என்னவென்றால், சங்கிலி இரண்டு பேர். ஒருவன் 1519 முதல் 1561 வரை ஆண்டவன், 1544இல் மன்னாரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவன். மற்றவன் 1617இல் அதிகாரத்தைப் பிடித்து, 1619இல் பிடிபட்டு, கோவாவில் கொல்லப்பட்டவன். புலவர் இருவரையும் ஒரே ஆளாக்கிவிட்டார். சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் எழுதிய யாழ்ப்பாண வைபவ விமர்சனம் இந்த நூலைத் துருவிப் பார்க்கிறது. (முத்திரைச் சந்தியில் குதிரையில் இருப்பது எந்தச் சங்கிலி என்று கேட்டேன். வகுப்பில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.)

எல்லாம் கட்டுக்கதை என்றும் தள்ள முடியாது. தம்பியிடம் அரசைப் பறிகொடுத்த அண்ணன் ஒருவனைப் பற்றி பிரான்சிஸ் சவேரியாரே கடிதம் எழுதியிருக்கிறார். அவனுக்காகப் படை கிளம்பவும் இருந்தது. ஆனால் பொருள் நிறைந்த போர்த்துக்கேயக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டி, சரக்கு அரசன் கையில் சிக்கியது. சரக்கை மீட்கும் கவலையில் படையெடுப்பு நின்றுபோனது. முத்து, வியாபாரம், பீரங்கி எல்லாம் இந்தக் கதைக்குள் இருக்கின்றன. வைபவமாலையில் முன்னுக்கு நிற்பதோ ஒரு கெட்ட மகனும் ஒரு துரோகியும். நூல் கேட்ட ஒல்லாந்தருக்கும் அது வசதி, பரநிருபசிங்கன் வழி என்று பெருமை சொன்ன குடும்பங்களுக்கும் வசதி.

காக்கை வன்னியன் பாடு இன்னும் விசித்திரம். 1803இல் வெள்ளையரோடு மோதிய பண்டாரவன்னியனைக் காட்டிக் கொடுத்தவனும் காக்கை வன்னியன்தான் என்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய இருநூறு வருசம்!

பெடியள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. 1990 ஒக்ரோபரில் இரண்டு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட எங்கட வீட்டாருக்கும் இந்தப் பட்டம்தான் சூட்டப்பட்டது. அதையும் சொன்னேன்.

பட்டம் வைத்தவன் பாடம் முடிய வந்து, "சேர், ஞானப்பிரகாசரின்ர புத்தகம் எங்க எடுக்கலாம்?" என்று கேட்டான். திங்கட்கிழமை கொண்டு போகவேணும்.