ஓர் அடுப்பும் ஒரு காணியும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், தருமபுரத்திற்கு அப்பால் உள்ளது விசுவமடு. காடு வெட்டிக் கழனியாக்கிய குடியேற்ற ஊர் அது. இத்தகைய ஊர்களில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின்கீழ் அரச காணி வழங்கப்பட்டது. காடு வெட்டியவர் இருவர். மிளகாய்க் கன்றுக்கு நீரிறைத்தவரும் இருவர். அனுமதிப்பத்திரத்தில் ஏறிய பெயரோ பெரும்பாலும் கணவனது பெயர் ஒன்றே. ஆதலால் விவாகம் என்பது யாது என்னும் வினா அங்கே ஏட்டில் எழுவதன்று, வேலிக்குள்ளேயே எழுவது.

ஒருவனுக்கு ஒருத்தி என்பதே இத்தீவின் என்றுமுள்ள வழக்கம் என்று பலர் எண்ணுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. கண்டி அரசில் ஏறத்தாழ இருபதாண்டு சிறைப்பட்டிருந்து, 1679இல் அருவியாற்றின் வழியே தப்பிச் சென்றவர் ஆங்கிலேயரான இறொபேட் நொக்ஸ். 1681இல் வெளிவந்த அவரது நூல், கண்டி நாட்டில் சகோதரர் இருவர் ஒரு மனைவியுடன் ஒரே இல்லம் நடத்தியதையும், பிள்ளைகள் இருவரையும் தந்தையர் என அழைத்ததையும் குறிக்கின்றது. இவ்வழக்கத்தைச் சிங்கள மக்கள் ‘ஒரே வீட்டில் உண்பது’ என்னும் பொருள்பட வழங்கினர். சிறு வயலைத் துண்டாடாது காத்தல் அதன் பயன்களுள் ஒன்று. அங்கே விவாகத்தின் அடையாளம் பத்திரமன்று, அடுப்பே.

ஆங்கில அரசாங்கம் 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தால் பலதார மணத்தையும் பலகணவர் மணத்தையும் தடுத்தது. கண்டியர் விவாகத்திற்குப் பதிவையும் கட்டாயமாக்கியது. நோக்கம் ஒழுங்கு, விளைவோ குழப்பம். பலர் பழைய முறைப்படியே மணந்தனர், பதிவு செய்தாரில்லை. ஊரறியப் பிறந்த பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறைகேடாகப் பிறந்தோராயினர். 1870இல் சட்டத்தைத் திருத்தி இயற்ற நேர்ந்தது. மக்களின் வாழ்வை ஆராயாது எழுதப்படும் சட்டம் முதலில் தண்டிப்பது பிள்ளைகளையே என்பது இதனாற் பெறப்படும்.

வடபால் தமிழரின் வழமை வேறு. ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1706–1707இல் தேசவழமையைத் தொகுத்தார். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என அது சொத்தை வகுத்தது. மறுமணத்தை அது மறுக்கவில்லை. ஆயினும், கணவனை இழந்த தாய் மறுமணம் புரிய விரும்பின், தந்தை கொண்டுவந்த சொத்தையும் தேடியதேட்டத்திற் பாதியையும் முதல் விவாகத்துப் பிள்ளைகளுக்கென ஒப்படைக்க வேண்டும் என்றது. மனைவியை இழந்த தந்தைக்கும் அவ்வாறே கடமை விதித்தது. புதிய உறவு தொடங்கும் முன்னர்ப் பழைய உறவின் கடன் தீர்க்கப்படல் வேண்டும் என்பதே அதன் நீதி.

2009இற் போர் முடிந்தபின், வன்னியில் இந்நீதிக்குப் பெருஞ்சோதனை வந்தது. கணவன் இறந்தானா, இருக்கின்றானா என்றறியாத பெண்கள் பலர். விவாகப் பதிவுப் பத்திரத்தை இடப்பெயர்வில் இழந்தோரும் பலர். தீர்க்கப்படாத முன்விவாகம் இருக்கையிற் செய்யும் பின்விவாகம் செல்லாது என்கிறது 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுச் சட்டம். மரணப் பத்திரம் பெறுவதோ, பலருக்கு நம்பிக்கையைத் தம் கையாலேயே புதைப்பதற்கு ஒப்பாகும். ஆதலால் 2016இல், இறந்தார் என்று கூறாத ‘காணாமற்போனமைச் சான்றிதழ்’ சட்டத்தில் இடம்பெற்றது. அது குடும்பக் கருமங்களை நடத்த உதவுவது; எனினும் அவள் மனைவியா, கைம்பெண்ணா என்னும் வினாவிற்கு விடை தருவதன்று. காணிச் சட்டத்தின் வாரிசு வரிசையில் ஆண்மக்களுக்கிருந்த முன்னுரிமையும் 2022இலேயே நீக்கப்பட்டது.

அவ்வாறு காத்திருந்த ஒருத்தி, தனியே பிள்ளைகளை வளர்க்க இயலாது, மற்றொருவனோடு அடுப்பு மூட்டினால், ஊர் அவளுக்குக் கணவர் எத்தனை என்று எண்ணுகின்றது. எண்ணிக்கை எளிது. கண்டியின் அடுப்பும் யாழ்ப்பாணத்தின் தேசவழமையும் கேட்ட வினா அதனினும் அரியது: இப்பிள்ளைக்கு உணவளிப்பார் யார்? இக்காணியில் அதன் பங்கு எங்கே? இவ்விரண்டிற்கும் விடை கூறும் உறவே விவாகத்தின் பொருளை நிறைவேற்றுகின்றது. விடை கூறாத உறவுக்குப் பதிவேட்டில் இடமிருக்கலாம். பிள்ளையின் கலத்திற் சோறிராது.