மேஜையில் மலை

குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் ராணுவ அதிகாரிகளுக்கான ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது. 1905ல் தேவ்லாலியில் தொடங்கியது. 1907ல் குவெட்டாவுக்குப் போயிற்று. பிரிவினையின்போது இந்தியப் பங்கு 1947ல் இங்கே வந்து சேர்ந்தது. இவ்வகைக் கல்லூரிகளின் பயிற்சிமுறைக்கு ஒரு மூதாதை உண்டு: பிரஷ்ய பீரங்கிப்படை லெப்டினன்ட் ரைஸ்விட்ஸ் 1824ல் வெளியிட்ட போர்விளையாட்டு.

அவருடைய நிலப்படத்தின் விகிதம் 1:8000. துருப்புகள் சிறு கட்டைகள். ஒரு பிரிவு அணிவகுத்தால் எவ்வளவு நிலத்தை அடைக்குமோ அதே விகிதத்தில் கட்டையின் நீளம். ஒரு சுற்று 2 நிமிஷம். அதற்குள் நடக்கக்கூடிய தூரம்தான் நகரலாம். ஆக, காலமும் கணக்குக்குள் வந்துவிட்டது. சதுரங்கத்தில் இந்தச் சங்கடமில்லை. யானை எத்தனை கஜம் நடந்தது என்று யார் கேட்கிறார்கள்?

இந்த நேர்மைக்கு விலை உண்டு. 1:8000ல் மனிதன் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே மனிதன் கிடையாது; கட்டை உண்டு, சேதக் கணக்கு உண்டு.

எச். ஜி. வெல்ஸ் 1913ல் 'லிட்டில் வார்ஸ்' எழுதியபோது மனிதனைத் திரும்பக் கொண்டுவந்தார். சுமார் 54 மி.மீ. ஈயச் சிப்பாய்கள், காலாட்படைக்கு ஒரு நகர்வு 1 அடி. பொம்மையின் விகிதத்தில் அது நிஜத்தில் 10 மீட்டர்தான். முகம் கிடைத்தது, தூரம் போயிற்று. பிறகு வந்த ஆட்டக்காரர்கள் பொம்மைக்கு ஒரு விகிதம், நிலத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு பொம்மை இருபது பேருக்குச் சமம் என்பது ஒப்பந்தம். 28 மி.மீ. என்பதைக்கூட ஒருவர் பாதத்திலிருந்து கண்வரை அளக்கிறார், இன்னொருவர் உச்சிவரை.

நீலகிரியை மேஜையில் வைத்துப் பார்க்கலாம். மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயில்பாதை 46 கி.மீ., ஏற்றம் சுமார் 1,870 மீட்டர். 1:50,000ல் நீளம் 92 செ.மீ.; உயரம் 4 செ.மீ.கூட இல்லை. பற்சக்கரம் பிடித்து ஏறும் மலை, விரல் நீளத்துக்கும் குறைந்த மேடு! மணல் மாதிரி செய்கிறவர்கள் அதனால்தான் உயரத்தை மட்டும் பெருக்கிவிடுகிறார்கள். பொய்தான். ஆனால் ஏறுகிறவனின் காலுக்கு மலை அப்படித்தான் இருக்கிறது. மாறாக 1:72ல், இடுப்பளவு தேயிலைச் செடி 14 மி.மீ. உயரத்தில் நிற்கும், சிப்பாய் குனிந்து ஒளியலாம். குன்னூரிலிருந்து ஊட்டிவரை பாதை போடத்தான் கால் கிலோமீட்டர் மேஜை வேண்டும்.

நம் கொலுப்படியில் செட்டியார் பொம்மை கோபுரத்தைவிட உயரம். அங்கே முக்கியத்துவமே விகிதம். வெல்ஸ் ரைஸ்விட்ஸைவிட இந்தக் கொலுவுக்குத்தான் நெருங்கியவர் என்பது என் எண்ணம். விவரம் கூடக்கூட யதார்த்தம் கூடும் என்று எழுதிவரும் நம் விமர்சகர்கள், சட்டைப் பொத்தான்வரை வர்ணம் தீட்டிய அந்தப் பொம்மையைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ரைஸ்விட்ஸின் ஆட்டத்தில் சேதம் ஏற ஏற, கட்டையை எடுத்துவிட்டு அதைவிடக் குறைந்த பலத்தைக் காட்டும் கட்டையை வைப்பார்கள். வெல்ஸின் ஸ்பிரிங் பீரங்கி மரக்குண்டைச் சுடும், சாய்ந்தவன் செத்தவன். அடுத்த ஆட்டத்துக்கு அவனையே எடுத்து நிறுத்துவார்கள்.