பொத்தானின் முதுகு

இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் கதவு திறந்த ஏவலாளும் கோச்சு வண்டி ஓட்டியவரும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் எஜமானரின் குடும்பச் சின்னம் பதித்த உலோகப் பொத்தான்களோடுதான் சீருடை அணிந்தார்கள். அமெரிக்கப் போர்ச் செலவுக்காக 1777இல் ஆண் வேலைக்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு கினி என்று அரசு வரி போட்டது. அதன் வழிவந்த வரி 1937 வரை நீடித்தது. ஆகவே சீருடைக்காரர் ஒருவரை வாசலில் நிறுத்துவதே வசதியின் விளம்பரம். நம் கலெக்டர் ஆபீஸ் சேவகரின் பித்தளை வில்லையைப் போல, அந்தப் பொத்தானும் அணிந்தவர் யாருடைய ஆள் என்பதைத்தான் சொன்னது. அந்த வீடுகள் கலைந்தபின் பொத்தான்கள் உழவு நிலங்களிலும் பழம்பொருள் கடைகளின் தகர டப்பாக்களிலும் கிடைக்கின்றன. சேகரிப்பாளர்கள் பலர் ஜேம்ஸ் ஃபேர்பேர்ன் 1859இல் வெளியிட்ட கிரெஸ்ட் (குடும்பச் சின்னத்தில் கேடயத்துக்கு மேலே நிற்கும் உருவம்) தொகுப்பைப் புரட்டி, படம் ஒத்துப்போனதும் ஒரு பிரபுவின் பெயரை எழுதிவிடுகிறார்கள். ஆனால் முகப்பில் உள்ள படம்தான் இருக்கும் சான்றுகளிலேயே பலவீனமானது.

ஓர் உதாரணம் போதும். வால் நேராக நீட்டி, நான்கு காலும் ஊன்றி, விளிம்பு மடித்த தொப்பியின் மேல் நிற்கிறது ஒரு சிங்கம். நார்தம்பர்லாந்தின் பெர்சி குடும்பத்துக்கும், ஷ்ரூஸ்பரியின் டால்பட் குடும்பத்துக்கும் இதுவே கிரெஸ்ட். பெர்சியின் சிங்கம் நீலம், டால்பட்டின் சிங்கம் பொன். வண்ணம் தீட்டிய ஏட்டில் குழப்பமே இல்லை. அச்சில் அடித்த உலோகத்தில் நிறம் எங்கே தெரியும்? கேடயத்தின் முக்கிய உலோக நிறத்தை ஒட்டிப் பொன் முலாமோ வெள்ளி முலாமோ பூசுவது வழக்கம் என்றாலும், இரண்டு கேடயத்திலும் இருப்பது பொன்தான். நார்ஃபோக்கின் ஹோவர்டு சிங்கமும் இதே தோரணையில்தான் நிற்கிறது. ஆனால் அது முகத்தை நம் பக்கம் திருப்பி, கழுத்தில் கிரீடம் பூண்டிருக்கும். தேய்ந்த பொத்தானில் முதலில் மழுங்குவது முகமும் கழுத்தும்தான்.

சின்னங்களை வழங்க 1484 முதலே சட்டபூர்வமான அமைப்பு இருக்கிறதே, ஒரு சின்னம் ஒரு குடும்பத்துக்குத்தானே சொந்தம் என்று கேட்கலாம். கேடயத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. கிரெஸ்டில் அந்தக் கண்டிப்பு இருந்ததில்லை. முன்னங்கால் தூக்கிய அரைச் சிங்கத்தைப் பல நூறு குடும்பங்கள் வைத்திருந்தன. முறையான அனுமதி பெறாமல், தன் பெயருள்ள இன்னொரு குடும்பத்தின் படத்தை முத்திரை வெட்டுபவரிடம் கொடுத்துப் பொறித்துக்கொண்ட புதுப்பணக்காரரும் உண்டு. தொகுப்பு நூல்கள் புழக்கத்தைப் பதிவு செய்தன. உரிமையை அவை உறுதிப்படுத்தவில்லை.

பிறகு எதை நம்புவது? முதலில் சிங்கத்துக்கு மேலே, பிரபுவின் பட்டத்தைக் காட்டும் மகுடத்தை. டியூக்கின் மகுடத்தில் ஐந்து ஸ்ட்ராபெரி இலைகள் தெரியும். எர்லின் மகுடத்தில் உயர்ந்த முனைகளில் ஐந்து உருண்டைகள். பாரனுக்கு நான்கே உருண்டைகள். பெண்கள் கிரெஸ்ட் வைத்துக்கொள்வதில்லை. படம் சாய்சதுரத்துக்குள் இருந்தால் வீட்டுத் தலைவி விதவையோ மணமாகாதவரோ என்று கொள்ளலாம். நம் சிங்கத்தின் மேல் டியூக் மகுடம் இருந்தால் அது 1766இல் டியூக் பட்டம் பெற்ற பெர்சி வழி. எர்ல் மகுடம் என்றால் டால்பட் என்று சொல்லத் தோன்றும். அங்கேயும் அவசரம் கூடாது. 1790இல் பெர்சியின் இளைய கிளை ஒன்று பெவர்லி எர்ல் ஆனது. 1865இல்தான் அந்தக் கிளையே டியூக் பட்டத்துக்கு வந்தது. ஆக இடைப்பட்ட 75 ஆண்டுகளில் எர்ல் மகுடமும் நீண்ட வால் சிங்கமும் பெர்சிக்கும் பொருந்தும்.

இந்த முடிச்சை அவிழ்ப்பது பொத்தானின் பின்புறம். ஃபர்மின், ஜென்னென்ஸ் போன்ற லண்டன் தயாரிப்பாளர்கள் பெயரையும் பல சமயம் தெருவையும் வளையமாகப் பொறித்தார்கள். 'லிமிடெட்' என்ற சொல் இருந்தால், பங்குதாரர் பொறுப்பை வரையறுத்த 1855ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்தையதாக அது இருக்கமுடியாது. லண்டன் முகவரியோடு தபால் வட்டார எழுத்து இருந்தால் 1857க்கு முன் போக வழியில்லை. நிறுவனத்தின் பெயர் மாற்றமும் இடமாற்றமும் காலத்தை இன்னும் குறுக்கும். பின்முத்திரை 1865க்குப் பின் என்று காட்டினால் எர்ல் மகுடச் சிங்கம் டால்பட் பக்கமே பெரிதும் சாய்கிறது. பழைய அச்சையே பல ஆண்டுகள் கழித்தும் அடித்திருப்பார்களே என்பது நியாயமான ஆட்சேபம். அதனால்தான் முகப்பின் பாணியை வைத்துக் காலம் சொல்லக் கூடாது என்கிறோம். முதுகில் உள்ள முகவரி அந்தப் பொத்தான் அடிக்கப்பட்ட நாளுக்கே உரியது.

கிடைத்த இடம் முடிவு செய்யாதா என்பார்கள். மாளிகைத் தோட்டத்தில் கிடைத்தால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் விருந்தாளியின் வண்டிக்காரரும் அங்கே வந்து போனவர்தான். பழஞ்சீருடைகள் கைமாறி, துணிக்கழிவோடு எருவாக வயலுக்கும் போயின. எனவே மண் சொல்வதையும் மகுடமும் பின்முத்திரையும் சொல்வதோடு வைத்தே எடைபோட வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் ஒரு பெயரை எழுதலாம். படம் மட்டும் இருந்தால், பொருந்தும் குடும்பங்கள் எல்லாவற்றையும் சீட்டில் வரிசையாக எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மை.