கரையாத கலசங்கள்

1997ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், அலகாபாத்தின் திரிவேணி சங்கமத்தில் காந்தியின் அஸ்தி மீண்டும் கரைக்கப்பட்டது. 'மீண்டும்' என்ற சொல்தான் இங்கே உறுத்துகிறது. அதே சங்கமத்தில் 1948 பிப்ரவரி 12 அன்று, மறைவின் பதின்மூன்றாம் நாளில், பெருந்திரள் மக்கள் நடுவே அது கரைக்கப்பட்டாகிவிட்டது. பிறகு மிச்சம் எங்கிருந்து வந்தது? அன்றைய ஒரிஸ்ஸாவின் கட்டாக் நகரில், ஒரு வங்கியின் பெட்டகத்திலிருந்து. ஒரு பெட்டியில் வைக்கப்பட்டு, ஏறத்தாழ மறக்கப்பட்டுக் கிடந்த கலசம் அது. கொள்ளுப்பேரன் துஷார் காந்தி நீதிமன்றத்தை நாடி அதைப் பெற்றுவந்து கங்கையில் சேர்த்தார்.

சாம்பலை நீரில் கரைப்பது ஒரு முடித்துவைப்பு. இறந்தவரை வைத்துக்கொள்ள இனி நமக்கு ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொள்ளும் செயல். 'அஸ்தி' என்றால் வடமொழியில் எலும்பு என்றுதான் பொருள். எரிந்து தணிந்த சிதையில் பால் தெளித்து, எலும்பைப் பொறுக்கிக் கலசத்தில் இட்டு, ஆற்றிலோ கடலிலோ விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் நடக்க வேண்டும் என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். காந்தியின் குடும்பத்துக்கு அப்படி நடக்க வாய்க்கவில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. காந்தி மறைந்த இரவில், உடலைப் பதப்படுத்திச் சில நாள் வைத்திருக்கலாம் என்று மவுண்ட்பேட்டன் கருத்துரைத்தபோது, செயலர் பியாரேலால் மறுத்தார். இறந்த உடலைப் போற்றி வைப்பதை காந்தி கடுமையாக வெறுத்தவர் என்பது அவருக்குத் தெரியும். எனவே உடல் மறுநாளே யமுனைக் கரையில் எரியூட்டப்பட்டது. மூத்த மகன் ஹரிலால் தந்தையை விட்டு விலகி நெடுங்காலம் ஆகியிருந்தது. இரண்டாம் மகன் மணிலால் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். மூன்றாம் மகன் ராம்தாஸ் தீ மூட்டினார். உடல் விஷயத்தில் காக்கப்பட்ட அந்த விருப்பம் சாம்பல் விஷயத்தில் நழுவியது. மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் கொண்ட தனி ரயிலில் அஸ்தி அலகாபாத் சென்றது என்னவோ அவர் வாழ்வுக்குப் பொருத்தம்தான். ஆனால் அதன் பகுதிகள் சிறு கலசங்களில் நாடெங்கும் அனுப்பப்பட்டன. எல்லா ஊர்களும் அவரை வழியனுப்ப விரும்பின.

கன்னியாகுமரிக்கும் ஒரு கலசம் வந்தது. கடலில் கரைக்கும் முன் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட இடத்தில்தான் இன்றைய காந்தி மண்டபம் நிற்கிறது. 1956இல் எழுந்தது. அவர் வாழ்ந்த ஆண்டுகளைக் குறிக்க 79 அடி உயரம். அக்டோபர் 2 நண்பகலில், கலசம் இருந்த இடத்தின்மேல் கூரைத் துளை வழியாக வெயில் விழும். உள்ளே அஸ்தி கிடையாது; அது இருந்த இடம் மட்டுமே. நினைவுச் சின்னங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

எல்லாக் கலசங்களும் இப்படிக் கரைந்துவிடவில்லை. பெற்றுக்கொண்டவர்களில் சிலருக்குக் கைவிட மனம் வரவில்லை. அது குற்றமன்று, அன்பு கொண்டவர் கையில் பிடிசாம்பல் இருந்தால் விடுவது எளிதா என்ன? துபாயில் வாழ்ந்த இந்திய வணிகர் ஒருவர், தம் குடும்பத்தில் இருந்த கலசத்தை மும்பையின் மணிபவனுக்கு அனுப்பினார். காந்தி மும்பையில் தங்கிய அவ்வீடு இன்று அருங்காட்சியகம். அங்கே அதைக் காட்சிக்கு வைப்பதுதான் எண்ணம். குடும்பத்தார் இணங்கவில்லை. கரைத்துவிடவே விரும்பினர்.

வரலாற்று மாணவர்களுக்கு இந்த முடிவு ஒரு இழப்பாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராட்டையையும் மூக்குக் கண்ணாடியையும் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கலாம். அவை அவர் பயன்படுத்தியவை. அஸ்தி அப்படிப்பட்ட பொருளன்று.

2008 ஜனவரி 30 அன்று மும்பை கிர்காம் சௌபாத்திக்கு அப்பால் கடலில் அதைக் கரைத்தவர் நீலம்பென் பாரிக். ஹரிலாலின் மகள்வழிப் பேத்தி அவர். தம் தாத்தாவின் வரலாற்றை நூலாக எழுதியவரும்கூட. மதுவிலும் கசப்பிலும் அலைந்த ஹரிலால், தந்தை மறைந்த ஐந்தாம் மாதம், 1948 ஜூனில் அதே மும்பையில் இறந்துபோனார். தலைமகன் செய்ய வேண்டிய கடன் அறுபது ஆண்டு கழித்து ஒரு பேத்தியின் கையால் நிறைவேறியது. முதல் நாளே எல்லாச் சாம்பலும் கங்கையில் போயிருந்தால் இது நடந்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2010இல் டர்பன் கடலிலும் ஒரு பகுதி கரைக்கப்பட்டது. அது மணிலாலின் கிளை வாழும் ஊர்.

நேரு இதில் முன்யோசனை உள்ளவர். 1954 ஜூனில் எழுதிய உயிலில், ஒரு பிடி சாம்பல் அலகாபாத்தில் கங்கைக்கு, எஞ்சியது விமானத்திலிருந்து உழவர்கள் பாடுபடும் வயல்களின் மேல், எதையும் மிச்சம் பிடித்து வைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆறாண்டுகளுக்கு முன் காந்தியின் கலசங்கள் ஊர் ஊராகப் போனதை அருகிருந்து பார்த்தவர் அல்லவா! சமயச் சடங்கு வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். 1964இல் சாம்பல் அவர் சொன்னபடியே போயிற்று. சடங்குகள் மட்டும் நடந்தன.

காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதி புனே ஆகா கான் மாளிகையில், அவர் சிறையிருந்தபோது இறந்த கஸ்தூர்பாவின் சமாதிக்கு அருகே இருக்கிறது. இன்னொரு பகுதி கடல் கடந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் யோகானந்தர் 1950இல் அமைத்த ஏரிக்கரை ஆலயத்தில், ஒரு பழைய சீனக் கற்பேழைக்குள் இருக்கிறது. இவ்விரண்டும் கரைக்கப்படவில்லை.