86-க்கும் 92-க்கும் இடையே: சென்னைக் காசநோய் ஆய்வு

எலெக்ட்ரானிக் சிட்டியின் மென்பொருள் அலுவலகங்களில் ஒரு செயலியின் இரு வடிவங்களை ஒப்பிடக் கை-வர்க்கச் சோதனை அன்றாடக் கருவி. மதிப்பு 3.84-ஐத் தாண்டாவிட்டால் இரண்டும் சமம் என எழுதிவிடுவோர் உண்டு. சோதனை அப்படிச் சொல்வதில்லை. பெங்களூருக்கு அருகில், சென்னையில், 1950-களின் இறுதியில் இதே வினா எழுந்தபோது அதன் விடையை நம்பி ஏழை நோயாளிகளின் உயிர் இருந்தது.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன சேர்ந்து சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகள் எழுமாற்று முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். மருந்து இருவருக்கும் ஒன்றே: ஐசோனியசிட், பாஸ். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் செவிலியர் பராமரிப்பும் கிடைத்தன. மற்றதற்கு நெருக்கடியான நகர வீடே மருத்துவமனை.

1959-இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டில் நோய் அடங்கியோர் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு, சானடோரியத்தில் 92. பிரிவுக்கு ஏறத்தாழ 80 பேர் எனக் கொண்டு இரண்டுக்கு இரண்டு அட்டவணை அமைத்தால் கை-வர்க்க மதிப்பு சுமார் 1.5. இன்மை எடுகோளை மறுக்க இது போதாது. ஆனால் அதே தரவின் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி, சானடோரியம் 15 புள்ளி வரை மேம்பட்டிருக்கும் வாய்ப்பையும், வீடு 3 புள்ளி முந்தியிருக்கும் வாய்ப்பையும் ஒருசேர அனுமதிக்கிறது. இதே விகிதங்கள் பிரிவுக்கு 800 பேரிடம் கிடைத்திருந்தால் மதிப்பு 15-ஐ நெருங்கியிருக்கும்! மதிப்பு சிறிதாயிருப்பதற்கு வேறுபாட்டின் சிறுமை மட்டுமல்ல, மாதிரியின் சிறுமையும் காரணம்.

ஆகவே சென்னை ஆய்வின் வலிமையை அந்த 1.5-இல் தேடக் கூடாது. எழுமாற்று ஒதுக்கீட்டுக்குப் பின்னும் வீட்டுப் பிரிவினரின் நோய் தொடக்கத்தில் சற்றுத் தீவிரமாகவே இருந்தது. உணவும் ஓய்வும் குறைவு. இருந்தும் பெரும்பாலோர் தேறினர். அதைவிட முக்கியம், அடுத்து எழுப்பப்பட்ட வினா: வீட்டிலிருக்கும் நோயாளியால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றுகிறதா? இரு பிரிவினரின் குடும்பங்களும் ஐந்தாண்டுகள் கண்காணிக்கப்பட்டன. கூடுதல் தீங்கு தென்படவில்லை. நோய் மீள்வதும் இரு பிரிவிலும் அரிதே.

1959-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனம் வகுத்த திட்டத்தின்படி 1962-இல் நாடு தழுவிய காசநோய்த் திட்டம் உருவானது. வீட்டிலிருந்தபடியே மருந்துண்பது அதன் அடிப்படையாயிற்று.